கேம் ஆடும்போது லேப்டாப் 97 டிகிரி போகுது, கூலிங் பேட் வாங்கலாமா?

வைகைக்கரை:
நண்பர்களே, என்கிட்ட இருக்கறது ஐ7 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப், வாங்கி மூணு வருஷம் ஆகப்போகுது. சைபர்பங்க் 2077 போட்டா முதல்ல கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, அப்புறம் ஃபேன் கத்த ஆரம்பிச்சு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்னு) 70ல இருந்து பொசுக்குனு 25க்கு விழுது, திரும்ப ஏறுது, திரும்ப விழுது. சிபியு (ப்ராசஸர்) 97, ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) 84 டிகிரி காட்டுது. ரூம்ல ஏசி இல்ல, மதுரை வெயில் தெரியும்ல. 1500 ரூபாய்க்கு ஒரு கூலிங் பேட் பார்த்து வெச்சிருக்கேன், அது போதுமா?

நடுராத்திரி கேமர்:
ப்ரோ இப்போ பேட் வாங்காதீங்க. சிபியு 100ஐ நெருங்கும்போது தன்னைக் காப்பாத்திக்க தானாவே வேகத்தைக் குறைக்குது, அதான் எஃப்பிஎஸ் விழுது. நிறைய லேப்டாப்ல சிபியு ஜிபியு ரெண்டுக்கும் சூட்டைக் கடத்தற ஹீட் பைப் ஒண்ணுதான், ஒண்ணு கொதிச்சா இன்னொண்ணும் சேர்ந்து கொதிக்கும். அதனால என்விடியா கன்ட்ரோல் பேனல்ல மேக்ஸ் ஃப்ரேம் ரேட் 60னு வைங்க, ரெண்டுக்கும் லோடு குறையும். அப்புறம் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 99% ஆக்குங்க, டர்போ (சிபியு தானா வேகத்தை ஏத்திக்கறது) நின்னுடும், சூடு நல்லாவே இறங்கும். மெத்தை மேல வெச்சு மட்டும் ஆடாதீங்க, காத்து இழுக்கற ஓட்டை எல்லாம் அடியிலதான் இருக்கு. பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடி வெச்சு தூக்கி விட்டாலே வித்தியாசம் தெரியும்.

ஸ்க்ரூ டப்பா:
எஃப்பிஎஸை 60ல நிறுத்தற கேப் சரி, ஆனா 99 போடறதுல எனக்கு உடன்பாடு இல்ல. சைபர்பங்க் சிபியுவையும் நல்லா வேலை வாங்கற கேம், டர்போவை மொத்தமா நிறுத்தினா கூட்டமான தெருவுல எல்லாம் திணறும். அதுக்கு பதிலா த்ராட்டில்ஸ்டாப்ங்கற சாஃப்ட்வேர்ல சிபியுவோட பவர் லிமிட்டை 45 வாட்னு கட்டுப்படுத்தலாம்.

ஆனா தம்பி, மூணு வருஷமா திறக்கவே இல்லன்னா செட்டிங் எல்லாம் அப்புறம், முதல்ல தூசி. ஃபேனுக்கும் சூட்டை வெளிய விடற ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவுல கம்பளி மாதிரி படிஞ்சு காத்து வெளிய போற வழியையே அடைச்சிருக்கும், வெளியில இருந்து ஊதினா இன்னும் உள்ளதான் போகும். வாரன்டி இருக்கான்னு பார்த்துட்டு கழட்டுங்க. கழட்டினதும் பேட்டரி கனெக்டரை எடுத்துடுங்க, ஃபேன் சுத்தாம விரலால புடிச்சுகிட்டு ப்ரஷ் போடுங்க. சிப் மேல சூட்டைக் கடத்தத் தடவற தெர்மல் பேஸ்டும் காஞ்சிருக்கும், மாத்திடுங்க. பேஸ்டுக்கு பதிலா வைக்கற ஹனிவெல் பிடிஎம் 7950 ஷீட் ஒரிஜினலா கிடைச்சா அது இன்னும் நல்லது, சூட்டுல இளகி படிஞ்சுக்கும், பேஸ்ட் மாதிரி சீக்கிரம் காயாது. பேஸ்டுக்கு பதிலா சிலர் போடற லிக்விட் மெட்டல் பக்கம் போகவே வேண்டாம், சிந்தினா போர்டு ஷார்ட் ஆயிடும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிண்ணா. 60 கேப் வெச்சதுக்கே சிபியு 88க்கு வந்துடுச்சு, ஞாயித்துக்கிழமை கழட்டப் போறேன். இன்னொரு டவுட், எப்பவும் சார்ஜர்ல போட்டேதான் ஆடறேன், பரவாயில்லயா?

ஸ்க்ரூ டப்பா:
சார்ஜர்லதான் ஆடணும், பேட்டரில ஜிபியுக்கு முழு பவர் கிடைக்காது. ஆனா முழு சார்ஜும் சூடும் சேர்ந்தா பேட்டரி சீக்கிரம் போயிடும், லேப்டாப்போட வந்த ஆப்ல சார்ஜ் லிமிட் 80%னு வைங்க. கழட்டும்போது பேட்டரி எங்கயாவது உப்பி இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, டச்பேட் மேல தூக்கி நின்னாலும் அதே அறிகுறிதான். உப்பி இருந்தா குத்தாம அழுத்தாம அப்படியே கடையில குடுத்து மாத்துங்க, அதுவரைக்கும் சார்ஜ் போடாதீங்க.