பேருக்கு இயக்குநராக இருந்து நிஜமாகவே பொறுப்பை எடுத்த பெண்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். திருப்பூரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பனியன் கம்பெனி, பிரைவேட் லிமிடெட். அப்பா, அண்ணன், நான் மூவரும் இயக்குநர்கள். பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட நான் வேண்டும். நூல் விலை பேசவோ ஆர்டர் தரும் பையரைப் பார்க்கவோ நான் வேண்டாம். டையிங்காரர்கூட என்னிடம் சரி என்றுவிட்டு, அப்புறம் அண்ணனுக்கு போன் போட்டு உறுதி செய்துகொள்கிறார்.

கம்பெனிகள் சட்டம் 2013, பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களும் 300 கோடி விற்றுமுதல் உள்ள பப்ளிக் லிமிடெட்களும் ஒரு பெண் இயக்குநராவது வைக்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் போர்டு கூட்டத்துக்கு 7 நாள் முன்பே நோட்டீஸ் பெறவும் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் எந்த இயக்குநருக்கும் உரிமை உண்டு. எங்கள் வீட்டில் கூட்டமே சாப்பாட்டு மேசையில்தான், அதுவும் நான் பரிமாறும் நேரத்தில்!

முருகப்பா குழுமத்தின் தாய் நிறுவனத்தில் அந்தக் குடும்பத்து மகள் வள்ளி அருணாச்சலம் போர்டில் இடம் கேட்டபோது, 2020-இல் பங்குதாரர்கள் வாக்களித்து மறுத்தார்கள். 2023-இல்தான் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. எனக்கு வழக்கெல்லாம் வேண்டாம், அப்பாவைச் சங்கடப்படுத்தவும் மனமில்லை.

குடும்பத் தொழிலில் இதைக் கடந்து வந்த அக்காக்கள் சொல்லுங்கள். முதலில் எதைக் கையில் எடுத்தீர்கள், கணக்கையா, ஏற்றுமதி ஆவணங்களையா, ஆர்டரையா? பொறுப்புகளை எழுத்தில் பிரித்துக்கொண்டீர்களா? யாருக்காவது ஜாமீனிலிருந்து விலக பேங்க் சம்மதித்ததா? குடும்ப கம்பெனிகளைப் பார்க்கிற நல்ல ஆடிட்டர் கோவை, திருப்பூர் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். பொதுவில் எழுதத் தயக்கமென்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.