உப்புக்காற்றுக்குத் தாங்குகிற பழைய பாணி மடக்குக்கத்தி எது? யோசனை சொல்லுங்கள்

கீழக்கரைப் பிள்ளை:
எல்லாருக்கும் சலாம், வணக்கம்.

மடக்குக்கத்தி சேர்ப்பது எனக்குக் கொஞ்ச காலமாக ஒரு பித்து. பெரிய சேகரிப்பெல்லாம் இல்லை. வாப்பா கொழும்பில் கடையில் நின்ற காலத்தில் வாங்கிய இங்கிலாந்து ராட்ஜர்ஸ் பேனாக்கத்தி ஒன்று, இரண்டு அலகு, எலும்புப் பிடி. மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ‘கேஸ்’ என்கிற அமெரிக்கக் கம்பெனிக் கத்தி ஒன்று, மூன்று அலகு. அப்புறம் ஒரு விக்டோரினாக்ஸ். இப்போது நாலாவதாக ஒன்று சேர்க்க ஆசை. பட்ஜெட் 5000 ரூபாய்க்குள்.

மனசில் இருப்பவை: பிரான்ஸின் ஓப்பினெல் 8 (துருப்பிடிக்கிற கார்பன் எஃகு அலகு), ஜப்பான்காரர்களின் ஹிகோநோகாமி, பிரெஞ்சு லாகியோல். நம் நாட்டுச் சரக்காக ஒரு ராம்பூரி (உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் நீள மடக்குக்கத்தி) வாங்கினால் என்ன என்றும் ஓர் எண்ணம்.

சிக்கல் என்னவென்றால், இருப்பதையே காப்பாற்ற முடியவில்லை. வீடு கடலுக்குப் பக்கம், ஜன்னல் தெற்குப் பார்த்தது. சோளகம் வீச ஆரம்பித்தால் கண்ணாடியில் விரலை வைத்தால் உப்பு ஒட்டும். ராட்ஜர்ஸின் அலகு வேரில், அதாவது பிடியோடு சேருகிற அடியில், செந்துரு. கேஸைத் திறந்தால் கரகரவென்று சத்தம், உள்ளே பித்தளைத் தகட்டில் பச்சை. விக்டோரினாக்ஸ் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கிறது. எவர்சில்வர்தான் வாங்க வேண்டுமா? கார்பன் என்றால் இந்த ஊரில் கதை முடிந்ததா?

உச்சிப்புளி பட்டறை:
தம்பி, கத்திகளை எதில் வைத்திருக்கிறீர்கள்? தோல் உறையா, டப்பாவா, சும்மா அலமாரியிலா? அது தெரியாமல் எந்தக் கத்தி என்று சொல்ல முடியாது.

கீழக்கரைப் பிள்ளை:
தோல் உறைதான் அண்ணே. கேஸோடு வந்தது ஒன்று. ராட்ஜர்ஸுக்கு இங்கேயே செருப்புக் கடையில் தைத்தது.

உச்சிப்புளி பட்டறை:
நினைத்தேன். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தோலில் இருக்கிற கொழுப்பும் பித்தளையும் சேர்ந்தால் அந்தப் பச்சைக் களிம்பு வரும். உறை பக்கத்தில் கிடக்கட்டும், கத்தி அதற்குள் வேண்டாம்.

கரகர சத்தத்துக்கு இப்படிச் செய்யுங்கள். அலகைப் பாதி திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, பழைய பல் பிரஷால் மூட்டை மட்டும் தேயுங்கள். தண்ணீர் முக்கியம். வீட்டு போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கம் அது பாதி கடல். குடிக்க வரும் காவிரித் தண்ணீரில் அலசுங்கள். எலும்புப் பிடியை ஊற வைக்காதீர்கள், வெடிக்கும். துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே நன்றாகக் காய விட்டு, மூட்டில் ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய் விட்டுத் திறந்து மூடுங்கள். கறுப்பாக ஒரு கசடு வழியும். துடைத்துவிட்டு இன்னொரு துளி. வழிவது தெளிவாகும் வரைக்கும் இதேதான்.

ராட்ஜர்ஸில் உப்புத்தாள் போட்டுவிடாதீர்கள்! அலகின் வேரில் இருக்கிற முத்திரை போய்விட்டால் அது வெறும் பழைய கத்தி. எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, மூங்கில் குச்சியால் துருவை மெல்லச் சுரண்டுங்கள். பள்ளம் விழுந்த இடம் பள்ளமாகவே இருக்கட்டும்.

பாம்பன் ஓய்வு:
நான் பாம்பன் பாலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரும்பு உப்பில் எப்படிச் சாகும் என்பதை மட்டும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணால் சொல்கிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

கார்பனா எவர்சில்வரா என்று எல்லாரும் அலகைப் பற்றியே பேசுவார்கள். அலகு வெளியே தெரிகிற இடம், துடைத்துவிடலாம். துரு பிடிப்பது இரண்டு தகடு ஒன்றோடொன்று படிகிற இடுக்கில், ஆணிக்கு அடியில், பிரஷ் போகாத மூலையில். 1914-இல் கட்டிய பழைய பாலத்திலும் ரிவெட் மூட்டுகள்தான் தலைவலி. 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பி, இரும்பில் முழுக்க வெல்டிங் மூட்டு என்று போனதற்குக் காரணமும் அதுதான்.

ஆகவே கத்தி வாங்கும்போது அதில் எத்தனை இடுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கேஸில் மூன்று அலகு, பின்பக்கம் ஸ்ப்ரிங்குகள், பித்தளைத் தகடுகள், அதற்கு மேல் எலும்பு. உள்ளே போன உப்பு வெளியே வர வழியே இல்லை. ராட்ஜர்ஸும் அதே குடும்பம்தான்.

ஹிகோநோகாமியை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு பித்தளைத் தகட்டை மடித்த பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. ஸ்ப்ரிங் கிடையாது, பூட்டு கிடையாது. அலகின் வேரிலிருந்து ஒரு சிறு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். அலகு கார்பன், துருப்பிடிக்கும். ஆனால் ஒரு துணி நுனியை உள்ளே விட்டால் போகாத இடம் இல்லை. ஹியோகோ மாகாணத்து மிகி ஊரில் 1890-களில் பிறந்த கத்தி. ஒரு காலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்தது. இன்றைக்கு அந்தப் பெயரைப் போட உரிமை உள்ளது நாகாவோ பட்டறை ஒன்றுக்குத்தான். மற்றவை அதே பாணியில் செய்தவை. சேகரிப்புக்கு என்றால் பிடியில் பொறித்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

என் ஓட்டு இதற்கு.

மண்டபம் நாட்டுப்படகு:
கார்பன் ஓப்பினெல் என்னிடம் இருக்கிறது. அலகு நல்ல வெட்டு, மறுக்கவே மாட்டேன். நரம்பு வலை நூலை வெண்ணெய் மாதிரி அறுக்கும். ஆனால் பிடி பீச் மரம். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும், நகம் உடைந்தாலும் திறக்காது. மடக்கிய கத்தியின் அடிக்கட்டையை மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், அப்போது பிடித்துத் திறக்கலாம். பிரான்ஸில் சவோய் மலைக்காரர்களும் இப்படித்தான் தட்டுவார்களாம். அங்கே பனி, இங்கே வாடை.

ஓப்பினெல்தான் வேண்டும் என்றால் அலகில் ‘இனாக்ஸ்’ என்று போட்டிருப்பதை எடுங்கள், அது எவர்சில்வர். அலகைப் பூட்டுகிற அந்தச் சுழல் வளையத்தைக் கழற்றி உள்ளே துடைக்கலாம், இது ஒரு வசதி. ஆணி இருக்கிற பக்கத்து மரத்தில் கொஞ்சம் மெழுகு காட்டி வைத்தால் ஊதுவது குறையும்.

அப்புறம் ஒன்று, கடலுக்குப் போகும்போது மடக்குக்கத்தி யாரும் கொண்டுபோவதில்லை. மணலும் செதிலும் மூட்டில் போய்விட்டால் அவசரத்துக்குத் திறக்காது. சமையல்கட்டு நேர்க்கத்திதான் படகில். உங்கள் கத்திகளைக் கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

தொண்டி லாத்தா:
பாம்பன் அண்ணன் சொல்வது துருவுக்குச் சரி. சேகரிப்புக்கு நான் வேறு மாதிரி யோசிப்பேன். வேலைக்கு ஆகிற கத்தியும் சேர்த்து வைக்கிற கத்தியும் ஒன்றில்லை. நான் பேனாக்கத்திகள் மட்டும் சேர்க்கிறேன், எல்லாம் கார்பன், எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

தம்பி, வாப்பாவின் ராட்ஜர்ஸில் அலகு வேரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருக்க வேண்டும், அதுதான் இங்கிலாந்தின் கத்தி ஊரான ஷெஃபீல்டு ராட்ஜர்ஸ் முத்திரை. கூடவே கிரீடத்துக்கு இரு பக்கமும் எழுத்து இருந்தால் அது ராஜ முத்திரை: வி ஆர் என்றால் விக்டோரியா காலம், 1901-க்குள். ஜி ஆர் என்றால் ஜார்ஜ் மன்னர்கள். நம் பக்கமும் இலங்கையிலும் அந்தப் பெயருக்கு இருந்த மவுசில் போலிகள் ஏராளம். எழுத்து மங்கி, நட்சத்திரம் கோணலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேஸிலும் இதே விளையாட்டு உண்டு. 1970-இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள், வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போனார்கள். புள்ளியை எண்ணினால் வருஷம் கிடைக்கும். மாதிரி எண்ணும் பேசும். 6318 என்றால் 6 எலும்புப் பிடி, 3 மூன்று அலகு, 18 அதன் வடிவம்.

ஏற்கெனவே இரண்டு கதை உங்கள் கையில் இருக்கும்போது நாலாவது கத்தி எதற்கு? அதே காசுக்கு இன்னொரு பழைய ஷெஃபீல்டு தேடலாம். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். அலகு முழுசாக இருக்கிறதா, சாணை பிடித்துப் பிடித்து ஒல்லியாகிவிட்டதா. திறந்தால் ‘டக்’ என்று உட்காருகிறதா. பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா. பளபளவென்று பாலிஷ் போட்டு விற்றால் நான் தொடமாட்டேன்.

கீழக்கரைப் பிள்ளை:
லாத்தா, கண்ணாடியில் பார்த்தேன். நட்சத்திரமும் சிலுவையும் தெளிவாக இருக்கின்றன, ஜி ஆர் என்றும் தெரிகிறது. வாப்பாவுக்கே இது தெரியாது!

அண்ணன் சொன்னபடி கேஸைக் கழுவினேன், டீத்தண்ணி மாதிரி வழிந்தது. கரகர போய்விட்டது. லாகியோல் பற்றி யாரும் ஒன்றுமே சொல்லவில்லையே?

தொண்டி லாத்தா:
லாகியோல் ஒரு கம்பெனி இல்லை, ஓர் ஊர். அந்த வடிவத்துக் கத்தியை யார் வேண்டுமானாலும் செய்கிறார்கள், நல்லவை பெரும்பாலும் பிரான்ஸின் தியேர் ஊரில். ஸ்ப்ரிங் மேல் இருக்கிற தேனீயைப் பார்த்து ஏமாறாதீர்கள், மலிவுச் சரக்கிலும் தேனீ இருக்கும். 5000-க்குள் உருப்படியானது கிடைப்பது சிரமம்.

பரமக்குடி வக்கீல் குமாஸ்தா:
ராம்பூரியை மட்டும் மறந்துவிடுங்கள். ஆயுதச் சட்டம் 1959, அதன் விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு உரிமம் கேட்கிற வகை. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவைக்கு விலக்கு உண்டு, ராம்பூரியை அப்படிச் சொல்லி யாரையும் நம்ப வைக்க முடியாது. பழைய ராம்பூரிகளில் பல அந்த நீளம் போகும், பட்டனைத் தட்டினால் திறக்கிற வகை வேறு. வாங்கி வைத்துக்கொண்டு திருவிழா பந்தோபஸ்தில் சோதனையில் மாட்டினால் யாருக்கு விளக்கம் சொல்வது? ஓப்பினெல் 8-இன் அலகு எட்டரை சென்டிமீட்டர், ஹிகோநோகாமி அதற்குப் பக்கம். அந்த அளவில் நிற்பது நல்லது. விமானத்தில் போனால் எந்தக் கத்தியானாலும் கைப்பையில் கூடாது, பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

இன்னொன்று, மான்கொம்புப் பிடி என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொம்பையும் விடாது. மாட்டெலும்பு, மரம், பித்தளை இவற்றில் வில்லங்கம் இல்லை.

கீழக்கரைப் பிள்ளை:
சரி, முடிவு பண்ணிவிட்டேன். ராம்பூரியும் லாகியோலும் அவுட். பித்தளைப் பிடி ஹிகோநோகாமி. ஷெஃபீல்டு லாத்தா சொன்ன மாதிரி தேடிக்கொண்டே இருக்கலாம், அது அவசரப்பட்டுக் கிடைக்கிற பொருள் இல்லை.

கடைசியாக இரண்டு கேள்வி. எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய் போதுமா? ஹிகோநோகாமி அலகைப் பழம் வெட்டிக் கறுக்க விட்டால் துரு வராது என்கிறார்களே, உண்மையா?

உச்சிப்புளி பட்டறை:
தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும், நல்லெண்ணெய் பிசின் மாதிரி ஒட்டும். தையல் மிஷின் எண்ணெயே போதும், மெல்லிசாக, துணியால் துடைத்த மிச்சம் மட்டும்.

மாங்காய், எலுமிச்சை வெட்டினால் அலகு சாம்பல் நீலமாகக் கறுக்கும், பார்க்க அழகாக இருக்கும். சாதாரண ஈரத்துக்குக் கொஞ்சம் தடுக்கும். உப்புக்கு அது கவசம் இல்லை. மேலேயே சிவப்புப் புள்ளி வரும், வந்தால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

பாம்பன் ஓய்வு:
மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று, ஒவ்வொரு கத்தியும் தனித்தனிப் பருத்தித் துணியில். டப்பாவைத் தெற்கு ஜன்னல் அறையில் வைக்காதீர்கள். பழைய செல்லுலாய்டு (ஒரு பழங்காலப் பிளாஸ்டிக்) பிடிக் கத்தி ஏதாவது வாங்கினால் அதை மட்டும் தனி டப்பாவில், மூடாமல் வையுங்கள். அது சிதைய ஆரம்பித்தால் விடுகிற ஆவி பக்கத்தில் இருக்கிற கத்திகளையெல்லாம் அரித்துவிடும்.

ஹிகோநோகாமி ஆணி போகப் போகத் தளரும். பயப்பட வேண்டாம், இரும்புக் கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஆணித் தலையில் லேசாகத் தட்டினால் இறுகும். ஒரு தட்டு, திறந்து பாருங்கள், இன்னும் ஆடினால் இன்னொரு தட்டு. அதிகம் தட்டிவிட்டால் திறக்கவே வராது.