பெரியப்பாவின் கால்

பெரியம்மா: பெரியப்பாவுக்கு நேற்றிலிருந்து கணுக்காலுக்கு மேலே சிவந்து வீங்கியிருக்கிறது. பூச்சிக்கடியைச் சொறிந்த இடம். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

நர்ஸ் அக்கா: வேண்டாம் பெரியம்மா. அவர் காலில் உணர்ச்சி குறைவு, சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். வலி எப்படி? காய்ச்சல்?

பெரியம்மா: வலி தாங்கவில்லை என்கிறார். சிவப்பே இல்லாத இடத்தைத் தொட்டாலும் கத்துகிறார். குளிர் நடுக்கம் வேறு. சர்க்கரை 380.

அண்ணன்: புண் கடுகளவுதான். காலையில் டாக்டரிடம் காட்டலாம் என்றிருக்கிறேன்.

நர்ஸ் அக்கா: காலை வரை வேண்டாம் அண்ணா, இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். புண் இவ்வளவு சின்னது, வலி இவ்வளவு பெரியது என்பதுதான் எனக்குப் பயம். தசையின் மேலிருக்கும் உறை வழியாகக் கிருமி பரவினால் வெளியே சிவப்பு மட்டும்தான் தெரியும். நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ் என்பார்கள். உள்ளே ரத்தக் குழாய் அடைத்துத் திசு செத்துக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் பரவும். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.

சித்தப்பா: வீட்டில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை இருக்கிறதே?

நர்ஸ் அக்கா: அந்த நோயாக இருந்தால் மாத்திரைக்கு நிற்காது சித்தப்பா. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? செத்த திசுவை அறுத்து எடுத்தே ஆக வேண்டும், மறுநாள் திரும்பவும் பார்த்து எடுப்பார்கள். கூடவே நரம்பு வழி மருந்து, இன்சுலின். சர்க்கரை ஏறினால் வெள்ளை அணுக்கள் மந்தமாகும், தொற்று சர்க்கரையை இன்னும் ஏற்றும். அப்புறம் ஒன்று: வலி திடீரென்று அடங்கினால் குணமாகிறது என்று நினைக்காதீர்கள். அங்கே நரம்பும் செத்திருக்கலாம்.

அத்தை: எனக்குச் சர்க்கரைக்கு எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை தருகிறார்கள். அதிலும் இப்படி வரும் என்றார்களே?

நர்ஸ் அக்கா: பிறப்புறுப்புப் பக்கம் வரும் ஃபோர்னியர் கேங்கிரீன் அது அத்தை. 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. மிக அரிது, நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் வலி, வீக்கம், காய்ச்சல் என்றால் உடனே போக வேண்டும். கூச்சப்பட்டுத்தான் பலர் தாமதிக்கிறார்கள்.
அண்ணா, பெரியப்பாவும் அதே மாத்திரை சாப்பிடுகிறார். அறுவை என்றால் அது டாக்டருக்குத் தெரிய வேண்டும். மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.

அண்ணன்: ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறிவிட்டது. கொப்புளமும் ஒன்று.

நர்ஸ் அக்கா: கோடு போட்ட நேரத்தைச் சொல்லுங்கள். சர்ஜன் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

அண்ணன்: சர்ஜன் பார்த்தார். இன்று இரவே திறந்து பார்க்க வேண்டுமாம், கையெழுத்துக் கேட்கிறார்கள். முதலில் ஸ்கேன் எடுக்கச் சொல்லலாமா?

நர்ஸ் அக்கா: சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். திறந்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். கையெழுத்துப் போடுங்கள் அண்ணா. நான் கிளம்பிவிட்டேன்.