மறு: ஐஸ் ஹாக்கியில் ‘ஸ்கவுட்டிங்’: நோட்டமா, கணிப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். விளையாட்டுச் சொற்பட்டியலில் ஐஸ் ஹாக்கிப் பகுதி ‘ஸ்கவுட்’ (அணிக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடுபவர்) என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகள்: சாரணர், தேர்வாளர், திறனாய்வாளர், நோட்டக்காரர். நான் இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவன். அதனால் சொல்லுக்கு முன்னால் அந்த ஆள் செய்யும் வேலையைக் கொஞ்சம் எழுதுகிறேன். வேலை தெரிந்தால் பாதிச் சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

முதலில் டிராஃப்ட்டை, அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் வருடாந்தரக் கூட்டத்தை, முடித்துவிடுவோம்.

> ஐபிஎல் ஏலம் மாதிரிதானே. ‘வீரர் ஏலம்’ என்றே போட்டுவிடலாம்.

இல்லை ஐயா. ஏலத்தில் பணம்தான் பேசும். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் நடத்தும் டிராஃப்ட்டில் யாரும் விலை கேட்பதில்லை. 32 அணிகள், ஏழு சுற்றுகள். முறை வரும்போது ஓர் அணி ஒரு பெயரைச் சொல்லும், அவ்வளவுதான். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. கடைசி இடத்துக்கு முதல் பெயர் நிச்சயம் என்று விதி இருந்தால் வேண்டுமென்றே தோற்கப் பார்ப்பார்கள் என்பதால், முதல் இரண்டு இடங்களைக் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள். எந்த ஊர் அணிக்குப் போவது என்பதில் பையனுக்குப் பேச்சே கிடையாது. 1991-இல் எரிக் லிண்ட்ரோஸ் க்யூபெக் அணிக்கு ஆடவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, மறு வருடம் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றப்பட்டார். அது மாதிரி நடப்பது அபூர்வம்.

இன்னொன்று, அன்றைக்கு அணியின் கைக்கு ஆள் வருவதில்லை. அவரோடு ஒப்பந்தம் போடும் உரிமைதான் வருகிறது. பெயர் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஜூனியர் அணிக்கோ கல்லூரிக்கோ திரும்பிவிடுவார்கள். அதனால் ‘உரிமைத் தெரிவு’ என்று முன்மொழிகிறேன். 1963-இல் மாண்ட்ரியால் ஹோட்டல் ஒன்றில் ஆறு அணிகள் கூடி 21 பெயர்களைச் சொன்ன முதல் கூட்டத்துக்கும் சரி, இன்றைய தொலைக்காட்சித் திருவிழாவுக்கும் சரி, இந்தச் சொல் பொருந்தும்.

சரி, ஸ்கவுட்டுக்கு வருவோம்.

‘சாரணர்’ வேண்டாம். காக்கிச் சட்டையும் கழுத்துத் துணியும் உடனே கண்முன் வந்துவிடும். ‘திறனாய்வாளர்’ அழகான சொல்தான், ஆனால் இலக்கியக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘டெட்ராய்ட் அணியின் திறனாய்வாளர் மாஸ்கோ சென்றார்’ என்று செய்தி போட்டால் ரஷ்ய நாவல் பற்றிக் கட்டுரை வாசிக்கப் போனார் என்றுதான் எவரும் நினைப்பார்.

‘தேர்வாளர்’ பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் குழுவில் பலர் அதன் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். கிரிக்கெட்டில் தேர்வாளர் என்பவர் அணியை முடிவு செய்பவர். ஐஸ் ஹாக்கி ஸ்கவுட் எதையும் முடிவு செய்வதில்லை. அவருக்கு ஒரு வட்டாரம் உண்டு. ஒருவர் ஒண்டாரியோ, ஒருவர் மேற்குக் கனடா, ஒருவர் ஸ்வீடனும் ஃபின்லாந்தும். குளிர்காலம் முழுக்க அந்த வட்டாரத்து ஆட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதி அனுப்புவார். பிறகு எல்லோரும் அறையில் உட்கார்ந்து அவரவர் ஆளுக்காகச் சண்டை போடுவார்கள். அதிலிருந்து அணியின் பட்டியல் உருவாகும். கடைசிச் சொல் பொது மேலாளருடையது. இது போக, லீக்கே 1975-இல் தொடங்கி நடத்தும் மைய ஸ்கவுட்டிங் அலுவலகம் ஒன்று இருக்கிறது. வட அமெரிக்க ஆட்டக்காரர்கள், வட அமெரிக்க கோல்கீப்பர்கள், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், வெளிநாட்டு கோல்கீப்பர்கள் என்று நான்கு தனித்தனி வரிசைகளை அது வெளியிடும். அங்கே வேலை செய்பவர்கள் தங்கள் பணிக்காலம் முழுவதும் ஒரே ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். அவர்களைத் தேர்வாளர் என்று அழைப்பது சரியாகுமா?

எனவே என் வாக்கு ‘நோட்டக்காரர்’ பக்கம். நாணயத்தைத் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, நல்லதா கள்ளதா என்று சொல்பவருக்கு நம் பழைய கணக்குகளில் இருந்த பெயர் அது.

> நோட்டம் விடுவது என்றால் திருட வந்தவன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. மரியாதையான உத்தியோகத்துக்கு இந்தச் சொல் தேவையா?

அம்மா, அந்த வாடை எனக்கும் அடிக்கிறது. ஆனால் ஸ்கவுட்டுகள் உட்காரும் விதத்தைப் பார்த்தால் அது அவ்வளவு தப்பாகவும் தோன்றவில்லை. அரங்கின் மேல் மூலையில், கூட்டத்தை விட்டுத் தள்ளி உட்காருவார்கள். கை தட்ட மாட்டார்கள். யாரைப் பார்க்க வந்தோம் என்பதைப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இன்னோர் அணியின் ஸ்கவுட்டிடம் மூச்சு விட மாட்டார்கள். தனக்குப் பிடித்த பையன் மீது அடுத்தவன் கண் பட்டுவிட்டால், ஐந்தாம் சுற்றில் கிடைக்க வேண்டியவன் மூன்றாம் சுற்றிலேயே போய்விடுவான்.

அவர்கள் பார்ப்பதும் நாம் பார்ப்பதும் ஒன்றில்லை. நம் கண் வட்டின் பின்னாலேயே ஓடும். (ஒரு குறுக்குப் பேச்சு: இந்த ஆட்டத்தில் பந்தே கிடையாது, ஆகவே ‘பனி வளைகோற்பந்து’ என்ற பரிந்துரையை அருள்கூர்ந்து கைவிடுங்கள். ஐஸ் ஹாக்கி, வட்டு. போதும்.) ஸ்கவுட்டின் கண் வட்டு இல்லாத ஆளின் மேல் இருக்கும். ஒரு தடுப்பாட்டக்காரனையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி வட்டை அவன் அணியின் பின்மூலைக்குத் தள்ளிவிட்டது. எடுக்கத் திரும்பி ஓடுகிறான். போகிற வழியில் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறானா? ஒரு தடவையா, இரண்டு தடவையா? பார்த்தவனுக்குத் துரத்தி வருபவன் எந்தப் பக்கம் வருகிறான், தன் கூட்டாளி எங்கே நிற்கிறான் என்பது வட்டைத் தொடும் முன்பே தெரியும். பார்க்காதவன் பலகைச் சுவரில் மோதி நசுங்குவான், அல்லது கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவான். ஒருவர் ஒரு முறை களமிறங்கினால் ஏறக்குறைய முக்கால் நிமிடம்தான் ஆடுவார்; அதில் இந்தத் தலைத்திருப்பல் அரை நொடி. ஸ்கோர்ப் பட்டியலில் அதற்குக் கட்டம் கிடையாது. கூர்ந்து பார்த்து மதிப்பிடும் இந்த வேலைக்கு நோட்டம் என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் இங்கேதான் எனக்குச் சிக்கல். நாணயம் முடிந்துபோன பொருள். இன்று எவ்வளவு வெள்ளியோ பத்து வருடம் கழித்தும் அவ்வளவே. 17 வயதுப் பையன் அப்படி இல்லை. அவன் இன்று எப்படி ஆடுகிறான் என்பது அணிக்கு இரண்டாம்பட்சம். 23, 24 வயதில் தன்னைவிடப் பெரிய உடம்புகளுக்கு நடுவே என்ன செய்வான் என்பதற்குத்தான் அவர்கள் தெரிவைச் செலவழிக்கிறார்கள். பார்ப்பது ஒரு வேலை, பார்த்ததிலிருந்து எட்டிச் சொல்வது இன்னொரு வேலை. ஆங்கிலத்தில் இரண்டையும் ஸ்கவுட்டிங் என்று மூட்டை கட்டிவிட்டார்கள் என்பதற்காக நாமும் கட்ட வேண்டியதில்லை. முதல் வேலைக்கு ‘நோட்டம்’, இரண்டாவதற்கு ‘கணிப்பு’ என்று பட்டியலில் இரண்டு பதிவுகள் போட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்தப் பிரிப்பு வெறும் நுணுக்கமில்லை என்பதற்கு நடந்த கதைகளே சாட்சி. 2014 தெரிவுக்கு முன் வட அமெரிக்க ஆட்டக்காரர்களில் மைய அலுவலகம் முதலிடம் கொடுத்தது சாம் பென்னட்டுக்கு. தெரிவுக்குச் சில வாரம் முன் உடல்தகுதிச் சோதனை முகாம் ஒன்று நடக்கும். 2015 முதல் பஃபலோவில் நடக்கிறது, அப்போது டொராண்டோவில். அங்கே ஐஸே கிடையாது. சைக்கிள் மிதிக்க வேண்டும், குதிக்க வேண்டும், கம்பியைப் பிடித்துத் தொங்கி மோவாய் மேலே வரும்வரை உடம்பை இழுக்க வேண்டும். பென்னட்டால் ஒரு தடவைகூட இழுக்க முடியவில்லை. செய்தித்தாள்களுக்குத் தீனி கிடைத்தது. கால்கரி நான்காவதாக அவர் பெயரைச் சொன்னது. அங்கே எதிர்பார்த்த அளவுக்குச் சோபிக்காமல் ஃபுளோரிடாவுக்குப் போனவர், 2025-இல் என்ஹெச்எல் பட்டத்துக்கான ஸ்டான்லி கோப்பைத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதை வாங்கினார். சோதனை முகாமின் அளவீடு பொய்யில்லை. அன்று அவர் தோளில் அவ்வளவு பலம்தான். அதை வைத்துப் போட்ட கணக்கில்தான் தவறு.

அதே 2014-இல் பிரேடன் பாயிண்ட் என்ற சிறிய உருவக்காரரின் முறை 79-ஆவதாகத்தான் வந்தது. டாம்பா பே எடுத்தது. அவரோடு இரண்டு கோப்பைகளை வென்றது. இன்னும் பின்னால் போனால் டெட்ராய்ட் அணி. அதன் ஐரோப்பிய நோட்டக்காரர் ஹோகன் ஆண்டர்சன் மாஸ்கோவில் வேறொரு தடுப்பாட்டக்காரரைப் பார்க்கப் போன இடத்தில் பாவெல் டாட்சுக்கைக் கண்டார். 1998-இல் 171-ஆவது தெரிவு. மறுவருடம் ஸ்வீடனின் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க், 210-ஆவது. 2008-இல் அந்த அணி கோப்பையை வென்றபோது இருவரும் அதன் தூண்கள். இங்கே நோட்டமும் பலித்தது, கணிப்பும் பலித்தது. ஆனால் ஆண்டர்சனுக்கே முழு நம்பிக்கை இருந்திருந்தால் ஆறாம், ஏழாம் சுற்று வரை டெட்ராய்ட் காத்திருந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு உண்டு.

தலைகீழாகவும் நடக்கும். 1993-இல் அலெக்ஸாண்டர் டேகிளை ஒட்டாவா முதலாவதாக எடுத்தது. இரண்டாவதாகப் போன கிறிஸ் ப்ராங்கர் புகழ் மண்டபத்தில் இருக்கிறார். டேகிள் ஜூனியர் லீக்கில் புள்ளிகளைக் குவித்தது எல்லோரும் கண்ணால் பார்த்த உண்மை. நோட்டம் சரி, கணிப்புதான் பொய்த்தது.

> ‘கணிப்பு’ என்றால் ஜாதகம் கணிப்பதுதான் நினைவுக்கு வருகிறது.

வரட்டுமே! பிறந்த தேதி இல்லாமல் இந்த வேலையும் நடக்காது. தெரிவு நடக்கும் ஆண்டின் செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைய வேண்டும் என்பது விதி. ஆஸ்டன் மாத்யூஸ் 1997 செப்டம்பர் 17-இல் பிறந்தவர். இரண்டு நாளில் 2015 தெரிவு கைநழுவியது. இடையில் ஒரு பருவம் சூரிச்சில் பெரியவர்களோடு ஆடிவிட்டு 2016-இல் டொராண்டோவின் முதல் தெரிவானார். மறுபக்கம் மேத்யூ ஷேஃபர், 2007 செப்டம்பர் 5. பதினொரு நாள் தாமதமாகப் பிறந்திருந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியவர். உலக ஜூனியர் போட்டியில் காறையெலும்பு முறிந்ததால் அந்தப் பருவத்தில் ஒண்டாரியோ லீக்கில் அவர் ஆடியது 17 ஆட்டங்கள் மட்டுமே. ஆனாலும் 2025-இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அவரையே முதலாவதாக எடுத்தது. நோட்டத்துக்குக் கிடைத்தது கொஞ்சம், மிச்சமெல்லாம் கணிப்பு.

ஒரே தெரிவில் நிற்பவர்களுக்குள் ஏறக்குறைய ஒரு வயது இடைவெளி இருக்கலாம். அந்த வயதில் ஒரு வருடம் என்பது பல கிலோ தசை. சிறுவர் அணிகளைக் கனடாவில் ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிப்பதால், ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் சின்ன வயதிலிருந்தே பெரியவர்களாகத் தெரிந்து முன்னே தள்ளப்படுகிறார்கள். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களைத் தெரிவில் அணிகள் குறைத்தே மதிப்பிட்டிருக்கின்றன, பின்னாளில் அவர்கள் ஆடிய ஆட்டம் அந்த மதிப்பீட்டைவிட மேலாக இருந்தது என்று 2013-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நோட்டக்காரர் கண்ணுக்கு முன்னால் பெரிய பையன் நன்றாக ஆடுகிறான்; நோட்டம் சரி. தேதியைத் திருத்திக் கணக்குப் போடாததால் கணிப்பு தவறு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், வராது.

அப்புறம் ‘ப்ராஸ்பெக்ட்’, அதாவது பெரிய ஆட்டக்காரராக வருவார் என்று அணிகள் கண் வைத்திருக்கும் இளைஞர். ‘நம்பிக்கை நட்சத்திரம்’ பத்திரிகைத் தலைப்புக்கு ஆகும், பட்டியலுக்கு ஆகாது. ‘இளம் திறமையாளர்’ என்பது இன்றைய திறமையைச் சொல்கிறதே தவிர வரப்போவதைச் சொல்லவில்லை. ‘வளர்வீரர்’ என்று வைக்கலாம். வினைத்தொகை என்பதால் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் மூன்றும் உள்ளே அடக்கம். போன வருடப் புள்ளிகள், இன்றைய ஆட்டம், நாளைய உடம்பு மூன்றையும்தான் அந்த அறையில் பேசுகிறார்கள். எல்லா இளைஞரும் வளர்பவர்தானே என்று கேட்பீர்கள். வளர்வது எல்லாம் வளர்பிறை ஆகிவிடவில்லையே, வழக்கில் பொருள் தானாகச் சுருங்கும்.

ஒரு வளர்வீரர் எட்டக்கூடிய உச்சத்தைக் குறிக்கும் ‘சீலிங்’ என்பதற்கு உச்சவரம்பு வேண்டாம், நிலச் சட்டம் போல ஒலிக்கிறது. ‘மேலெல்லை’, ‘கீழெல்லை’ போதும். ‘ஹாக்கி சென்ஸ்’ என்பதற்கு வந்த ‘மதிநுட்பம்’ கொஞ்சம் பட்டுவேட்டி கட்டியிருக்கிறது. மேலே சொன்ன தலைத்திருப்பலுக்கு ‘ஆட்டப்புத்தி’ என்றால் யாருக்கும் புரியும்.

மிச்சம் இருப்பது ‘ஓவரேஜர்’. முதல் வருடம் யாராலும் எடுக்கப்படாமல், 19 அல்லது 20 வயதில் மறுபடி பட்டியலுக்கு வருபவர். ‘மூத்தோர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், 19 வயதுக்காரனை அப்படிச் சொல்வது பாவம். ‘மறுதெரிவர்’ என்று எனக்குத் தோன்றியது, ஆனால் ஒருமுறை தெரிவாகி மறுபடி தெரிவானவர் என்று குழப்புகிறது. இதற்கு மட்டும் உங்கள் பரிந்துரை வந்தால் ஐஸ் ஹாக்கிப் பகுதியை மூடிவிட்டு வாலிபாலுக்குப் போகலாம்.