வீட்டுப் பின்பக்கம் வைக்க கிரிலா, ஸ்மோக்கரா? 500 டாலருக்குள் வழி சொல்லுங்கள்

லியாண்டர்வாசி:
வணக்கம். டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே லியாண்டரில் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். பின்பக்கம் சின்ன கான்கிரீட் தளம், மூன்று பக்கமும் மரவேலி. இத்தனை நாள் இருந்த அப்பார்ட்மெண்டில் பால்கனியில் கரி அடுப்பே வைக்கக்கூடாது. அதனால் தணலில் சுடும் கிரில் வாங்குவதா, புகையில் மெதுவாக வேகவைக்கும் ஸ்மோக்கர் வாங்குவதா என்ற விஷயமே எனக்குப் புதுசு.

வாரநாளில் நாலு பேருக்குக் கோழித்தொடை, மீன், சோளம். வார இறுதியில் நண்பர்கள் வந்தால் பதினைந்து பேர் வரை. புகையில் வேகவைத்த கறிக்குப் பேர்போன லாக்ஹார்ட் ஊரில் சாப்பிட்டதில் இருந்து, அந்தப் புகை மணத்தோடு முழு ஆட்டுத்தொடை ஒன்று செய்யவேண்டும் என்று தீராத ஆசை. மாட்டுக்கறி வீட்டில் கிடையாது, அதனால் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) கணக்கில் இல்லை. மனைவி சைவம்.

நண்பரிடம் ஒரு ஆஃப்செட் ஸ்மோக்கரை (பக்கத்துப் பெட்டியில் விறகு எரியும், புகையும் சூடும் கறிப் பக்கம் வரும்) இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். மெல்லிய தகடு. கோழியை 225 டிகிரியில் வைத்தேன் (எல்லாம் ஃபாரன்ஹீட்). தோல் ரப்பர் மாதிரி இழுத்தது. கறி கசந்தது, நாக்கு லேசாக மரத்தது. மூடி இடுக்கு முழுக்க வெள்ளைப் புகை. இது கருவியின் கோளாறா, நெருப்பின் கோளாறா? அது தெரிந்தால்தான் அடுத்து எதை வாங்குவது என்று முடிவு செய்ய முடியும்.

கங்குமேடு:
இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள் நண்பரே.

தோல் இழுத்தது சூட்டினால். 225 டிகிரி என்பது பிரிஸ்கெட், ஆட்டுத்தொடை மாதிரி நாரும் சவ்வும் நிறைந்த கறிக்கானது. மணிக்கணக்கில் மெதுவாக வெந்தால்தான் அந்தச் சவ்வு இளகும். கோழிக்கு அது வேண்டாம். தோலில் இருக்கிற கொழுப்பு உருகி மொறுமொறுப்பாக வர 350 டிகிரியாவது வேண்டும். கோழியை அந்தச் சூட்டில் வையுங்கள், ரப்பர் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கசப்பு வந்தது புகையினால். அடர்த்தியான வெள்ளைப் புகை என்றால் விறகு எரியவில்லை, புழுங்குகிறது என்று அர்த்தம். ஒன்று விறகில் ஈரம், இல்லையென்றால் காற்று போதவில்லை. அப்போது கிளம்பும் தார் மாதிரியான கசடுதான் கறியில் படிந்து கசக்கிறது. நாக்கு மரத்ததும் அதனால்தான். புகைபோக்கியை எப்போதும் முழுக்கத் திறந்து வைத்து, சூட்டைக் கீழே காற்று நுழையும் வழியில் மட்டும் கூட்டிக் குறைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலத்தில் புகை வந்தால் நெருப்பு சரியாக இருக்கிறது.

கருவிக்கும் இதில் பங்கு உண்டு. மெல்லிய தகடு சூட்டைப் பிடித்து வைக்காது. விறகு போட்டால் எகிறும், கொஞ்சம் விட்டால் இறங்கும். எகிறும்போது எல்லோரும் காற்றை அடைக்கிறார்கள், விறகு புழுங்குகிறது. நல்ல ஆஃப்செட் கால் அங்குல இரும்பில் வரும், விலையும் 500-க்குள் நிற்காது. இந்த விலைக்குள் புதிதாக ஆஃப்செட் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்கள் தேவைக்கு 22 அங்குல வெபர் கெட்டில், அதாவது மூடியிலும் அடியிலும் காற்றுத் துளை உள்ள உருண்டைக் கரி அடுப்பு. 1952-ல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் சிகாகோ பக்கம் தான் வேலை பார்த்த பட்டறையில், தண்ணீரில் மிதக்கவிடும் மிதவைக்குச் செய்த உருண்டை ஓட்டை வைத்து உருவாக்கினார். இன்றும் அதே வடிவம்தான். மூடி இருப்பதால் காற்று உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோழித்தொடையும் செய்யலாம், சனிக்கிழமை ஆட்டுத்தொடைக்குப் புகையும் போடலாம். மிச்சக் காசில் கறியில் குத்திப் பார்க்கும் நல்ல ப்ரோப் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். மூடியில் பதித்த மீட்டர் மேலே இருக்கும் சூட்டைத்தான் காட்டும், கறி இருக்கும் இடத்துச் சூட்டை அல்ல.

ஹூஸ்டன் செல்வி:
கங்குமேடு அண்ணா சொல்வது சரிதான், ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு பெல்லட் கிரிலும் நல்ல வழி. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை ஒரு திருகு தானாக உள்ளே தள்ளும், ஃபேன் காற்று கொடுக்கும். 250 என்று வைத்தால் அதை ஒட்டியே நிற்கும். நான் ஆட்டுத்தொடையை வைத்துவிட்டு ஆபீஸ் மீட்டிங்கை முடித்துவிட்டு வருவேன்.

குறையையும் சொல்கிறேன். கரண்ட் வேண்டும். புகை மணம் மென்மையாகத்தான் இருக்கும், லாக்ஹார்ட் மணம் வராது. ஹூஸ்டன் ஈரக்காற்றில் குச்சிகளை அப்படியே விட்டால் உப்பித் தூளாகி, திருகு சிக்கிக்கொள்ளும். சமையல் முடிந்ததும் மிச்சத்தை எடுத்து மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள்.

பாலாறு78:
வாரநாள் சமையல்தான் அதிகம் என்றால் கேஸ் கிரில். பத்து நிமிஷத்தில் தயார். 20 பவுண்டு சிலிண்டரை மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. புகை ஆசைக்கு கேஸ் உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லியாண்டர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. கசப்பின் காரணம் இப்போது புரிகிறது. மூடி மீட்டர் ஏறும்போதெல்லாம் புகைபோக்கியைத்தான் சாத்திக்கொண்டிருந்தேன்.

மூன்று சந்தேகம். கெட்டிலில் பதினைந்து பேருக்குப் போதுமா? ஆட்டுத்தொடைக்கு நாலைந்து மணிநேரம் கரி தாங்குமா? தளத்தின் ஓரம் வேலியிலிருந்து ஆறடிதான், அங்கே வைக்கலாமா?

கங்குமேடு:
வேலி விஷயம் முதலில். ஆறடி வேண்டாம். வீட்டுச் சுவர், கூரை விளிம்பு, மரவேலி எல்லாவற்றிலிருந்தும் பத்தடியாவது தள்ளி, சமதளமான இடத்தில் வையுங்கள். உங்கள் ஊர் விதியையும் குடியிருப்போர் சங்க விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். மழை வந்தாலும் கராஜுக்குள் தள்ளாதீர்கள். கரி அணைந்த மாதிரி இருந்தாலும் கார்பன் மோனாக்ஸைடு வந்துகொண்டே இருக்கும், அதற்கு மணமே கிடையாது.

பதினைந்து பேருக்கு இரண்டு ஈடு போட வேண்டிவரும். முதல் ஈடு பரிமாறும்போது இரண்டாவது வெந்துகொண்டிருக்கும், அது கஷ்டமில்லை. கோழிக்குக் கங்கு முழுவதையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுங்கள். தயிர் மசாலா தடவிய கறியை நேரே தணலின் மேல் வைத்தால் வெளியே கருகும், எலும்போரம் வேகாது. காலியான பக்கத்தில் வைத்து மூடி, மூடித் துளை கறிக்கு நேர் மேலே வருமாறு திருப்புங்கள். புகை கறியைக் கடந்துதான் வெளியே போகும். முக்கால் பதம் வந்ததும் தணல் பக்கம் மாற்றி, பக்கத்திலேயே நின்று தோலை மொறுக்குங்கள். கோழி உள்ளே 165 டிகிரி தொட வேண்டும். தொடைக்கு 180 வரை விட்டால் இன்னும் மெத்தென்று வரும்.

ஆட்டுத்தொடைக்குப் பாம்பு முறை. பிரிக்கெட் கரியை (அச்சில் அழுத்திய கரிக்கட்டி) அடுப்பின் உள் ஓரமாகப் பக்கம் பக்கமாக இரண்டு, அதன் மேல் இரண்டு என்று அரைவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அடுக்குங்கள். அதன்மேல் இடைவெளி விட்டு பீக்கன் மரத்துண்டுகள். டெக்சாஸின் மாநில மரமே பீக்கன்தான், கிடைப்பது சுலபம், புகையும் மென்மை. மெஸ்கீட் மரம் வேண்டாம், நீண்ட நேரச் சமையலில் அதன் காரம் ஆட்டுக்கறியை அமுக்கிவிடும். நடுவில் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே கறி. வரிசையின் ஒரு முனையில் மட்டும் பழுத்த கங்கு பத்து வைத்தால் ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொண்டே போகும். கீழ்த்துளை கால்வாசி, மேல்துளை முழுசாகத் திறந்து 250 டிகிரியை ஒட்டி நிறுத்துங்கள். நாலைந்து மணிநேரம் என்ன, அதற்கு மேலும் தாங்கும்.

ஆட்டுக்கறியில் கொழுப்பு குறைவு, விட்டால் வறண்டுபோகும். உள்ளே 165 வந்ததும் கொஞ்சம் எலும்புச் சாறு ஊற்றி ஃபாயிலில் சுற்றிவிடுங்கள். 195-க்கு மேல் போனதும் ப்ரோபைக் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் எடுத்து, சுற்றியபடியே அரைமணி ஆறவிடுங்கள்.

போஸ்ட்ஓக் பாண்டி:
நான் ஆஃப்செட் கட்சி. மத்திய டெக்சாஸ் மணம் என்பது போஸ்ட் ஓக் விறகு கொழுந்துவிட்டு எரிவதில் வருவது. கரி மேல் வைத்த மரத்துண்டு அதற்குக் கிட்டத்தில் வரும், அதுவே ஆகாது. ஆனால் முக்கால் மணிக்கு ஒருதரம் விறகு போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்க மனசு வேண்டும். லியாண்டர்வாசி, கெட்டிலில் ஒரு வருஷம் நெருப்பைப் படியுங்கள். அப்போதும் ஆசை இருந்தால் கனமான ஆஃப்செட்டுக்குக் காசு சேருங்கள். இரவல் ஆஃப்செட்டைத் திருப்பிக் கொடுக்குமுன் நன்றாகக் காய்ந்த சின்னச் சின்ன விறகாகப் போட்டு, புகைபோக்கியைச் சாத்தாமல் இன்னொரு முறை பாருங்கள். கசப்பு போயிருக்கும்.

மாயவரம் மைதிலி:
மனைவிக்கும் சேர்த்து வாங்குகிறீர்கள், அதைப் பற்றி யாரும் பேசவில்லையே! 22 அங்குலத்துக்கு இன்னொரு கம்பித்தட்டு தனியாகக் கிடைக்கும். அதைச் சைவத்துக்கு என்றே வைத்து, எப்போதும் சைவத்தை முதலில் முடியுங்கள். கரி புதிதாக, சூடு அதிகமாக இருக்கும்போது சோளத்துக்கும் குடைமிளகாய்க்கும் அதுவே நல்ல நேரம். மெரினாவில் தருவது போல எலுமிச்சையை உப்புமிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்துக் கொடுங்கள். பெரிய கத்தரிக்காயைக் குத்திவிட்டு எண்ணெய் தடவி, தோல் கருகி நடு அமுங்கும் வரை தணல் மேல் சுடுங்கள். அதில் கொத்சு வைத்தால் கேஸ் அடுப்பில் வராத ருசி வரும். பனீருக்கு வெறும் எண்ணெய் போதும், கம்பியும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டும்.

கம்பியைத் தேய்க்க இரும்புப் பிரஷ் வேண்டாம். பிரஷிலிருந்து உதிர்ந்த கம்பி இழை சாப்பாட்டோடு உள்ளே போய்க் காயப்படுத்தியதை 2012-லேயே அமெரிக்க நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி எச்சரித்திருக்கிறது. தோசைக்கல்லுக்குச் செய்வதுபோல, சூட்டில் பாதி வெங்காயத்தை முள்ளில் குத்தித் தேயுங்கள்.

லியாண்டர்வாசி:
மைதிலி அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் வீட்டில் உடனே சம்மதம் கிடைத்துவிட்டது. 22 அங்குல கெட்டில், கீழே மூடிய சாம்பல் டப்பா உள்ள மாடல். கூடவே ப்ரோப், இரண்டாவது கம்பித்தட்டு. இடத்தை அளந்துவிட்டேன், தளத்தைத் தாண்டிப் புல் பக்கம் சமதளக் கல் போட்டால் பத்தடி கிடைக்கிறது. கடைசியாக ஒன்று: கரி பற்றவைக்க எண்ணெய் ஊற்றலாமா?

கங்குமேடு:
வேண்டாம், அந்த வாசனை கறியில் ஏறும். சிம்னி ஒன்று வாங்குங்கள், தகரக் குழாய்தான். மேலே கரி, கீழே கசக்கிய செய்தித்தாள். பதினைந்து இருபது நிமிஷத்தில் மேல் கரியில் சாம்பல் பூத்ததும் கொட்டலாம். வெறும் தாளை மட்டும் போடுங்கள், பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டாம். சமையல் முடிந்ததும் இரண்டு துளையையும் அடைத்தால் கரி அணையும், மிச்சம் அடுத்த முறைக்கு ஆகும். சாம்பலை இரண்டு நாள் ஆறவிட்டு, மூடி போட்ட இரும்பு வாளியில் கொட்டுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் நேரே கொட்டாதீர்கள்.