புதுப்பிப்பு: ஆக்‌ஷி கடற்கரைக்கு எப்போது போவது
மும்பையிலிருந்து அலிபாக் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்களுக்காகப் போட்ட இழையில், ஆக்‌ஷிக்கு 'விடியற்காலையில் போங்க' என்று மட்டும் இருந்தது. அது அரைகுறை. கடிகாரத்தைவிட ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதுதான், முக்கியம். நீர் வற்றிய நேரத்தில் உள்ளான், சிப்பிப்பிடிப்பான் போன்ற கரைப்பறவைகள் எங்கோ புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் முழுதாக ஏறும் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் மணலில் அசையாமல் உட்காருங்கள். ஏறுகிற தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். உச்சநேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. மேற்குப் பார்த்த கரை, மாலை வெயில் கண்ணைக் கூசும். காலையில் உச்சம் வருகிற நாளாகப் பாருங்கள்.

பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க என்றால் நவி மும்பையின் ஐரோலியிலிருந்து கிளம்பும் படகு. அதுவும் ஓதத்தைப் பொறுத்தே கிளம்பும். இரண்டு வகை உண்டு: அலகு கருஞ்சிவப்பென்றால் சிறிய பூநாரை. இளஞ்சிவப்பில் நுனி மட்டும் கறுப்பென்றால் பெரிய பூநாரை.