ஜாஸ், கிளாசிக்கல் ரெண்டும் வாசிக்கிற பியானோ ஆசிரியரிடம் படித்தவர்கள், பழகியவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். எட்டு வருஷம் நோட்டேஷன் பார்த்து வாசித்து, பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிவிட்டுத்தான் சாரிடம் போனேன். பகலில் பாடம், சாயங்காலம் பாலே வகுப்புக்குப் பக்கவாத்தியம், ராத்திரி கிளப்பில் மூன்று பேர் குழுவோடு ஜாஸ். இதுதான் அவர் பிழைப்பு.

"தெரிஞ்சதை வாசி" என்றார். பாக் எழுதிய சி மேஜர் பிரிலூட் என்ற சின்ன உருப்படி, அதான் 'வெல்-டெம்பர்டு கிளேவியர்' முதல் தொகுதியில் முதலாவது, தப்பில்லாமல் வாசித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, "ரெண்டாவது பார்ல என்ன கார்டு?" என்றார். பார் என்பது தாளக் கட்டம், கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. விரலுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

உதிரி உதிரியாக வரும் ஸ்வரங்களை பாருக்கு ஒரே அமுக்காக அமுக்கச் சொன்னார். முதலில் சி கார்டு. அடுத்து டி மைனர் செவன், அடியில் அந்த சி நகராமல் நிற்கிறது. பிறகு ஜி செவன், அடியில் பி. திரும்பவும் சி. ஸ்கேலின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் ஸ்வரங்களில் எழும் கார்டுகள் வரிசையாக. "டூ-ஃபைவ்-ஒன்! 1722-ல இவர் எழுதி வச்சதைத்தான் ராத்திரி நான் கிளப்ல வாசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அதே நாலு பாரை ஸ்விங்கில், அதாவது ஜாஸின் துள்ளல் நடையில், எடுத்தார். இடது கையில் ஒவ்வொரு கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள் மட்டும். அடி ஸ்வரத்தை, குழுவில் பாஸ் என்ற கீழ் ஸ்தாயி வாத்தியம் வாசிக்கிறவர் பார்த்துக்கொள்வாராம். டி மைனர் செவனிலிருந்து ஜி செவனுக்குப் போக எஃப் அசையவே இல்லை, சி மட்டும் பி-க்கு இறங்கியது. ஒரு விரல், அவ்வளவுதான். எட்டு வருஷத்தில் ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

* * *

எனக்கு நேரெதிர். ஜாஸ் கற்கத்தான் போனேன். மிஸ் ஆறு மாசம் ஸ்கேலையும் பாக் எழுதிய இன்வென்ஷன் என்ற பயிற்சி உருப்படிகளையும் தவிர எதையும் தொடவிடவில்லை. ஜாஸுக்கு எதற்கு இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஜாஸ் பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பால் டி மார்க்கி. அவருக்கு இஸ்த்வான் தோமான். தோமானுக்கு கிளாசிக்கல் பியானோ மேதை லிஸ்ட். போய் ஸ்கேல் வாசி." குருபரம்பரையையே எடுத்து வீசினால் என்ன பதில் சொல்வது? ஆனால் ஒன்று, அந்தக் கெடுபிடி எல்லாருக்கும் ஒத்துவராது. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள்.

* * *

நான் மாணவன் இல்லை, பியானோ ட்யூன் செய்கிறவன். இப்படி ரெண்டும் வாசிக்கிற ஒருவர் கச்சேரிக்கு வந்தார். பியானோ படுமோசம். கம்பியை இழுக்கலாம், கம்பியைத் தட்டுகிற ஹேமர் தேய்ந்திருந்தால் அதை ஒரு மத்தியானத்தில் என்ன செய்வது? மனுஷர் கோபப்படவில்லை. 1975-ல் ஜெர்மனியின் கொலோனில் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுக்குக் கிடைத்ததும் சின்ன, சரியில்லாத பியானோதான், மேல் ஸ்தாயி எடுபடாததால் நடுவிலேயே சுற்றிச்சுற்றி வாசித்தார் என்றார். அப்புறம், "எந்தக் கட்டை ரொம்ப மோசம்? அதைத் தொடாம பார்த்துக்கறேன்" என்றார். மேலே இருந்த ஒரு எஃப் ஷார்ப்பைக் காட்டினேன்.

கச்சேரி முழுக்க அந்தக் கட்டைக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி உருப்படியில் ஒரே ஒரு தடவை தொட்டார். தொட்டுவிட்டு, நான் இருந்த பக்கம் திரும்பிச் சிரித்தார்.